டிசைனருக்கு இலக்கு எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம், புதிதாக டீம் லீட் ஆன ஒருவர் தன் டிசைனர்களுக்காக எழுதிய இலக்குத் தாளை என்னிடம் காட்டிக் கருத்துக் கேட்டார். முதல் வரி: "மாதத்துக்கு 45 டிசைன்." அதற்குமேல் எனக்குப் படிக்க ஓடவில்லை. பல வருடங்களுக்கு முன் நான் முதன்முதலில் எழுதிய தாளிலும் இதே வரிதான் இருந்தது. எண் மட்டும் 40. அந்த ஒரு வரி என் டீமை என்ன செய்தது என்பதை இப்போதாவது எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது.

இலக்குக்குத் தேதி வேண்டும், வாய்ப்பேச்சோடு விடாமல் எழுத வேண்டும், டிசைனரோடு உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். இவையெல்லாம் எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன். நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறோம் என்ற நம்பிக்கையோடு செய்கிற தவறுகள்தான் ஆபத்தானவை.

எத்தனை டிசைன் என்று எண்ணுவது

இந்தத் தவறு ஏன் திரும்பத் திரும்ப நடக்கிறது என்பது எனக்குப் புரிகிறது. மேலிடத்திலிருந்து, "உங்கள் டீம் என்ன செய்கிறது என்று எண்ணில் காட்டுங்கள்" என்று கேட்கிறார்கள். விற்பனைப் பிரிவுக்கு எண் இருக்கிறது, கணக்குப் பிரிவுக்கு எண் இருக்கிறது. டிசைனில் கையை நீட்டியதும் கிடைக்கிற எண் ஒன்றுதான்: முடித்த ஃபைல்களின் எண்ணிக்கை. நானும் அதைத்தான் எடுத்தேன்.

முதல் மாதம் டீமில் இருந்த நான்கு பேருமே 40ஐத் தாண்டினார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். இரண்டாவது மாதத்தில்தான் வேலைகள் எந்த வரிசையில் எடுக்கப்படுகின்றன என்பதைக் கவனித்தேன். ரீசைஸ் வேலைகள் முதல் நாளே காலியாகிவிடும். ஒரே கீ விஷுவலை, அதாவது விளம்பரத்தின் முதன்மைப் படத்தை, 1080×1080 சதுரமாக, 1080×1920 ஸ்டோரியாக, அகலமான பேனராக, மின்னஞ்சல் தலைப்பாக மாற்றினால் ஒரு யோசனைக்கு நான்கு எண்ணிக்கை கிடைக்கும். யோசிக்க வேண்டிய வேலைகள், அதாவது ஒரு தயாரிப்பின் பெட்டி, ஒரு அறிக்கையின் பக்க அமைப்பு, ஒரு லோகோவைச் சீரமைப்பது போன்றவை, வாரக்கணக்கில் தொடப்படாமல் கிடந்தன. யாரும் பொய்க்கணக்குக் காட்டவில்லை. எதற்கு மதிப்பு என்று தாள் சொன்னதோ, அதைச் செய்தார்கள்.

டீமிலேயே கைதேர்ந்தவர் ஒருவர் இருந்தார். எட்டு பொருள்கள் அடங்கிய ஒரு பேக்கேஜிங் வரிசை முழுவதையும் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியின் மடிப்புக் கோடுகளைத் தாளில் வெட்டி மடித்துப் பார்ப்பார். லேபிளில் இருக்க வேண்டிய விவரங்களை வரிவரியாகச் சரிபார்ப்பார். பிரஸ்ஸிலிருந்து வரும் புரூஃபை (மாதிரி அச்சை) வெளிச்சத்தில் வைத்து நிறம் பார்ப்பார். அந்த மாதம் அவருடைய கணக்கு 6. பக்கத்து இருக்கையில் டெம்ப்ளேட்டில் எழுத்தை மாற்றிச் சமூக ஊடகப் பதிவுகள் போட்டவரின் கணக்கு 58. அரையாண்டு மதிப்பீட்டில் பேக்கேஜிங் பார்த்தவரின் பெயருக்கு நேரே சிவப்பு. அவருக்காக மேலிடத்தில் நான் வாதாடினேன். ஆனால் அந்த இலக்கு என் கையால் எழுதியது, என் வாதம் எப்படி எடுபடும்? ஊதிய உயர்வு குறைந்தது. அவர் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "அந்த பேக்கேஜிங்கை நான் அவசர அவசரமா முடிச்சிருக்கணுமா, சொல்லுங்க?" என்னிடம் பதில் இல்லை. இரண்டு மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

மீதி இருந்த பெட்டிகளை இன்னொருவர் முடித்தார். எண்ணிக்கை ஓட்டத்தில் இருந்தவர், சரிபார்க்க நேரம் எடுக்கவில்லை. பெட்டியின் நிறத்தோடு பொருந்தட்டும் என்று பார்கோடின் கோடுகளைச் சிவப்பில் போட்டுவிட்டார். கடைகளில் இருக்கும் பெரும்பாலான லேசர் ஸ்கேனர்களின் ஒளியும் சிவப்பு. வெள்ளைத் தாளில் சிவப்புக் கோடு போட்டால் இரண்டுமே அந்த ஒளியை ஒரே மாதிரி திருப்பி அனுப்பும், ஸ்கேனருக்குக் கோடே தெரியாது. அச்சடித்த பெட்டிகள் எல்லாவற்றின் மேலும் கருப்புப் பார்கோடு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டியதாயிற்று. ஸ்டிக்கருக்கான செலவு, ஒட்டிய ஆட்களின் கூலி, தவறிப்போன வெளியீட்டுத் தேதி, எல்லாம் சேர்ந்தது. அந்த மாதமும் எண்ணிக்கைத் தாளில் எல்லோருக்கும் பச்சைதான்.

இதற்கு குட்ஹார்ட் விதி என்று ஒரு பெயர் இருக்கிறது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். சார்லஸ் குட்ஹார்ட் என்ற பிரிட்டிஷ் பொருளியலாளர் 1975இல் பணக் கொள்கையைப் பற்றி எழுதும்போது கவனித்துச் சொன்னது. ஒரு அளவு இலக்காக மாறியதும் அது நல்ல அளவாக இருப்பதை நிறுத்திவிடுகிறது என்ற இன்றைய வடிவத்தை 1997இல் கொடுத்தவர் மானுடவியலாளர் மர்லின் ஸ்ட்ராதர்ன். பணக் கொள்கைக்குச் சொன்னது என் டீமுக்கு அச்சு அசலாகப் பொருந்தியது.

சரி, எண்ணிக்கையை எடுத்துவிட்டால் எதை அளப்பது? திரும்பி வருகிற வேலையை அளக்கலாம். ஒவ்வொரு வேலைக்கும் நான்கு விவரம் போதும்: பிரீஃப் (என்ன வேண்டும் என்று சொல்லும் குறிப்பு) வந்த தேதி, முதல் வடிவம் காட்டிய தேதி, திருத்தத்துக்காக எத்தனை ரவுண்ட் போனது, ஒவ்வொரு ரவுண்டும் ஏன் திரும்பி வந்தது. கடைசி விவரத்தில்தான் எல்லாம் இருக்கிறது. காரணங்களை நான் இப்படிப் பிரிக்கிறேன்: பிரீஃப் மாறியது, பிரீஃபைப் புரிந்துகொண்ட விதம் வேறு, எங்கள் பிழை (எழுத்துப்பிழை, பழைய லோகோ, தவறான அளவு), அச்சுக்கோ திரைக்கோ ஃபைல் தயாராக இல்லை. முதல் காரணம் டிசைனரின் கணக்கில் சேரவே கூடாது. இரண்டாவது, லீடும் டிசைனரும் சேர்ந்து சுமக்க வேண்டியது. கடைசி இரண்டை மட்டும்தான் டிசைனரின் இலக்குத் தாளில் எழுதலாம்.

அப்போது இலக்கு இப்படி வரும்: "கடந்த மூன்று மாதத்தில் பிரஸ்ஸிலிருந்து திரும்பிய ஃபைல்கள் 5. அடுத்த மூன்று மாதத்தில் 1க்கு மேல் போகாது." கூடவே, அனுப்பும் முன் பார்க்க வேண்டியவற்றின் பட்டியலும் இருக்கட்டும். வெட்டு ஓரத்துக்கு வெளியே 3 மில்லிமீட்டர் பிளீட் (வெட்டும்போது வெள்ளை தெரியாமலிருக்க நீட்டிவிடும் பகுதி), அச்சாகும் அளவில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) படம், நிறங்கள் அச்சின் நான்கு மைகளான சி.எம்.ஒய்.கே.வில், சின்ன எழுத்துகள் நான்கு மையும் கலக்காத தனிக் கருப்பில், ஃபான்ட்கள் ஃபைலுக்குள்ளேயே. கலப்புக் கருப்பில் சின்ன எழுத்தைப் போட்டால் தகடுகள் மயிரிழை விலகினாலும் ஓரம் மங்கிவிடும். திரைக்குப் போகிற வேலையென்றால் எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான கான்ட்ராஸ்ட் (ஒளிர்வு வேறுபாடு) குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1. டபிள்யூ.சி.ஏ.ஜி. என்ற இணைய அணுகல் வழிகாட்டுதலின் இரண்டாம் நிலை (ஏஏ) கேட்பது இது. இதில் எதற்கும் ரசனை வாதம் கிடையாது. இருக்கிறதா இல்லையா என்று பார்த்து டிக் அடித்துவிடலாம்.

எண்ணிக்கையைத் தூக்கி எறிய வேண்டும் என்று சொல்லவில்லை. டீமுக்கு இன்னொரு ஆள் வேண்டுமா, அடுத்த மாதம் எவ்வளவு வேலை ஏற்றுக்கொள்ளலாம் என்று லீட் கணக்குப் போட அது உதவும். அது லீடின் நோட்டில் இருக்கட்டும். டிசைனரின் மதிப்பீட்டுத் தாளுக்குள் மட்டும் வர வேண்டாம்.

கிளிக்கையும் விற்பனையையும் டிசைனர் தலையில் கட்டுவது

"பேனர் கிளிக் 20 சதவீதம் உயர வேண்டும்" என்று எழுதினால் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் ஒரு பேனரின் கிளிக், அதில் சொல்லப்படும் சலுகை, அதை யாருக்குக் காட்டுகிறார்கள், எந்த இடத்தில் காட்டுகிறார்கள், எவ்வளவு பணம் போடுகிறார்கள், தலைப்பு வரியை யார் எழுதினார்கள் என்று பலவற்றைப் பொறுத்தது. இதில் டிசைனர் கையில் இருப்பது ஒரு பங்குதான்.

நல்ல இலக்குக்கு இருக்க வேண்டிய குணங்களின் முதலெழுத்துகளாக, இலக்கு எழுதுகிற எல்லோரும் சொல்லும் ஸ்மார்ட் (SMART) என்ற சுருக்கத்தை 1981இல் ஜார்ஜ் டோரன் எழுதியபோது, அதில் உள்ள 'ஏ' என்ற எழுத்து "யார் செய்வார் என்று ஒப்படைக்கக்கூடியது" என்ற பொருளில்தான் இருந்தது. பிற்பாடு பலர் அதை "எட்டக்கூடியது" என்று மாற்றிக்கொண்டார்கள். எனக்கு முதல் பொருள்தான் பயன்பட்டது. கிளிக் விகிதத்தை ஒரு தனி டிசைனரிடம் ஒப்படைக்க முடியுமா என்று கேட்டுப் பார்த்தாலே அந்த வரி தானாக அடிபட்டுவிடும்.

அதற்குப் பதில் டிசைனர் கையில் இருப்பதை எழுதுங்கள். உதாரணமாக, காலாண்டுக்கு இரண்டு ஏ/பி சோதனை, அதாவது ஒரே வேலையின் இரண்டு வடிவங்களை வெவ்வேறு ஆட்களுக்குக் காட்டி ஒப்பிடுவது. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு காட்சி அம்சம் மட்டும் மாற வேண்டும், எதை எதிர்பார்க்கிறோம் என்று முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும், முடிவு எப்படி வந்தாலும் டீமுக்கு விளக்க வேண்டும். சோதனை தோற்றாலும் இலக்கு நிறைவேறியதுதான்.

இதிலும் எல்லை தாண்டக் கூடாது. டக்ளஸ் பௌமன் என்ற டிசைனர் 2009இல் கூகுளை விட்டு விலகியபோது எழுதியது டிசைன் உலகில் எல்லோருக்கும் தெரியும். இரண்டு நீலங்களுக்குள் எது என்று முடிவெடுக்க முடியாமல் நடுவே 41 நீலங்களைச் சோதித்தார்கள், ஒரு கோடு 3 பிக்சலா, 4ஆ, 5ஆ என்பதற்குக்கூட தரவைக் கொண்டுவரச் சொன்னார்கள் என்றார். ஒவ்வொரு கோட்டுக்கும் ஆதாரம் கேட்டால், நாம் எந்தக் கண்ணை நம்பி ஒரு டிசைனரை வேலைக்கு எடுத்தோமோ அந்தக் கண்ணுக்கு வேலை இல்லாமல் போய்விடும்.

திருத்தமே வரக்கூடாது என்பது

திரும்பி வருவதை அளக்கச் சொன்னேன் என்பதற்காக அதைப் பூஜ்யம் ஆக்கிவிடாதீர்கள். பூஜ்யம் என்று எழுதியதும் டிசைனர் பாதி வேலையைக் காட்ட மாட்டார், முழுசாக முடித்த பிறகுதான் காட்டுவார். போன வருடம் ஒப்புதல் வாங்கிய அமைப்பையே திரும்ப எடுப்பார். கிளையன்ட் சொல்லும் திருத்தங்கள் பதிவேட்டுக்கு வராமல் தொலைபேசியிலேயே முடிந்துபோகும். இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு மாதம் முழுக்கத் திருத்தமே இல்லை என்று பதிவேடு சொன்னது, ஃபைல் பெயர்கள் "ஃபைனல் 9" வரை போயிருந்தன. பென்சில் கோட்டிலும் கரடு வடிவத்திலும் நடக்கிற பேச்சை ரவுண்டாகக் கணக்கிடாதீர்கள். ஒப்புதலுக்கு என்று அனுப்பிய பிறகு எண்ண ஆரம்பித்தால் போதும்.

படைப்பாற்றலுக்குப் பத்துக்கு மதிப்பெண்

வேண்டாம். போடுகிறவரின் ரசனைதான் அதில் பதிவாகும்.

இன்றைய நிலை தெரியாமல் எண் போடுவது

"30 சதவீதம் வேகமாக" என்றால் எதைவிட? முதலில் நான்கிலிருந்து ஆறு வாரம் எதையும் மாற்றாமல் பதிவு மட்டும் செய்யுங்கள். அதிலும் வேலை டிசைனர் மேசையில் இருந்த நாளையும் ஒப்புதலுக்காகக் காத்திருந்த நாளையும் தனித்தனியாக எழுதுங்கள். நான் முதன்முதலில் அப்படிப் பிரித்துப் பார்த்தபோது, மெதுவானவர் என்று நான் நினைத்திருந்த டிசைனரின் வேலைகள் பெரும்பாலான நாள்கள் என் மேசையில்தான் ஒப்புதலுக்குக் கிடந்திருக்கின்றன. அவரை வேகப்படுத்த இலக்கு எழுதியிருந்தால் அது அநியாயம் ஆகியிருக்கும். அப்புறம், இரண்டு நாளுக்குள் பதில் சொல்வேன் என்று என் தாளில் நான் எழுதிக்கொண்டேன்.

எல்லோருக்கும் ஒரே தாள்

மோஷன் (அசையும் படம்) செய்பவருக்கு அச்சுக்கான பிளீட் பட்டியல் எதற்கு?

ஒரு ஆளுக்கு ஒன்பது இலக்குகள்

மூன்று போதும்.

சான்றிதழைக் கற்றல் இலக்காக எழுதுவது

"ஒரு கோர்ஸ் முடிக்க வேண்டும்" என்பது எளிதாக அளக்கலாம், அதனால்தான் எல்லாத் தாளிலும் இருக்கிறது. வீடியோவை ஓடவிட்டு வேறு வேலை பார்த்தாலும் சான்றிதழ் வந்துவிடும். கற்றது வேலையில் தெரிகிற மாதிரி எழுதுங்கள். கிரிட் (பக்கத்தை ஒழுங்குபடுத்தும் கட்டக் கோடுகள்) பற்றிப் படிக்கிறாரா, சரி, காலாண்டு முடிவதற்குள் அவர் அமைத்த கிரிட்டை வைத்து டீமில் வேறு இரண்டு பேர் அவர் உதவி இல்லாமல் பக்கங்கள் போட்டிருக்க வேண்டும். அடுத்தவர் கையில் அது வேலை செய்தால் அவர் கற்றிருக்கிறார்.

வருடக் கடைசியில் மட்டும் தாளைத் திறப்பது

மாதம் ஒருமுறை இருபது நிமிடம் ஒதுக்குங்கள். பதிவேட்டை நடுவில் வைத்து, எது திரும்பி வந்தது, ஏன் வந்தது என்று மட்டும் பேசுங்கள். ஒரு பெரிய பிரீஃப் பாதியில் மாறியிருந்தால் இலக்கையும் அன்றே மாற்றி, தேதியும் காரணமும் எழுதிவிடுங்கள். பதினொரு மாதம் கழித்து அந்தக் காரணம் யார் நினைவிலும் இருக்காது, எண் மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

அந்தப் புதிய டீம் லீடோடு நேற்று மறுபடி உட்கார்ந்தேன். 45 டிசைன் என்ற வரியை அவரே அடித்துவிட்டார். அந்த இடத்தில், "எங்கள் பிழையால் திரும்பி வரும் வேலை" என்று எழுதி, எண்ணுக்கான கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறார். ஆறு வாரப் பதிவு கைக்கு வந்த பிறகுதான் அதை நிரப்பப் போகிறாராம்.