டிராஃப்ட் முதல் ஓய்வு வரை: தொழில்முறைக் கூடைப்பந்து வீரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிராஃப்டில், அதாவது அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், பெயர் வாசிக்கப்பட்டதும் வேலை கிடைத்துவிட்டது என்று நினைப்பதுதான் இளம் வீரர்கள் செய்யும் முதல் தவறு. அமெரிக்காவின் முதன்மைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் டிராஃப்ட் இரண்டே சுற்றுதான். ஆண்டுக்கு 60 பேருக்கு மேல் கிடையாது. முதல் சுற்றில் தேர்வாகிறவருக்குக்கூட நான்கு ஆண்டு ஒப்பந்தத்தில் முதல் இரண்டு ஆண்டுச் சம்பளம்தான் உறுதி. அதன்பின் வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா என்பது அணியின் விருப்பம். இரண்டாம் சுற்றில் தேர்வாகிறவருக்கு எதுவும் தானாக வராது, பேசித்தான் வாங்க வேண்டும். 2015-ல் டல்லாஸ் மேவரிக்ஸ் 52-வது இடத்தில் எடுத்த சத்னாம் சிங், டிராஃப்டில் தேர்வான முதல் இந்தியர். ஆனால் அவர் ஒரு என்.பி.ஏ. லீக் ஆட்டத்தில்கூடக் களமிறங்கவில்லை. என்.பி.ஏ.வின் துணை லீகோடு அவருடைய அமெரிக்க ஆட்டம் முடிந்துபோனது.

பெயர் வராவிட்டால் எல்லாம் போயிற்று என்று ஒதுங்குவதும் இதற்குச் சற்றும் குறையாத தவறுதான். 1996-ல் பென் வாலஸை எந்த அணியும் எடுக்கவில்லை. பிறகு அவர் நான்கு முறை ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை வாங்கினார், 2021-ல் கூடைப்பந்தின் புகழ்மன்றமான ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பிடித்தார். யூடோனிஸ் ஹாஸ்லமும் 2002-ல் விடுபட்டவர்தான். பிரான்ஸுக்குப் போய் ஒரு பருவம் ஆடி, உடம்பைக் குறைத்துத் திரும்பி வந்து, மயாமி ஹீட் என்ற ஒரே அணியில் 20 பருவங்கள் இருந்தார்.

வெளிநாட்டு லீகுகளுக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அங்கே சம்பளம் பாக்கி வைப்பது அபூர்வமல்ல. அதற்காகவே உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபீபா 2007-ல் ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு நடுவர் மன்றத்தை ஏற்படுத்தியது. அதன் தீர்ப்பை மதிக்காத கிளப் புதிய வீரர்களைப் பதிவு செய்ய முடியாதபடி தடை விதிக்கப்படலாம். ஆனால் தகராறு வந்தால் அந்த மன்றத்துக்குப் போகலாம் என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அந்த வரி இல்லாமல் கையெழுத்துப் போட்டவர் உள்ளூர் நீதிமன்றத்தில், தெரியாத மொழியில், தன் காசைத் தேடி அலைய வேண்டியதுதான்.

பணம்: இங்கேதான் அதிகம் பேர் விழுகிறார்கள்

செய்தியில் வரும் தொகை வீரரின் கைக்கு வரும் தொகை அல்ல. அமெரிக்க மத்திய வருமான வரியின் உச்ச விகிதம் 37 சதவீதம். அதற்கு மேல் மாநில வரி, அதுவும் வெளியூர் ஆட்டத்துக்குப் போகும் மாநிலங்கள் பலவற்றுக்கும் தனித்தனியாக. சம்பளத்தில் 10 சதவீதத்தை லீக் பிடித்து வைக்கும். லீகின் வருமானக் கணக்கு முடிந்த பிறகுதான் அதில் எவ்வளவு திரும்பும் என்பது தெரியும். ஏஜென்டுக்கு அதிகபட்சம் 4 சதவீதம். கூட்டிக் கழித்தால் பல வீரர்களுக்குக் கையில் நிற்பது பாதியளவுதான். வீடும் காரும் வாங்கும்போது முழுத் தொகையை மனதில் வைத்துக்கொண்டு வாங்குவதில்தான் சரிவு தொடங்குகிறது.

ஆன்டுவான் வாக்கரின் கதை இதில் பாடமாகவே சொல்லப்படுகிறது. ஆட்டத்தில் அவர் சம்பாதித்தது 10 கோடி டாலருக்கும் மேல். 2006-ல் மயாமியோடு கோப்பையும் வென்றார். 2010-ல் திவால் மனு கொடுத்தார். ஆடம்பரமும் சூதாட்டமும்தான் காரணம் என்று பலர் சுருக்கமாகச் சொல்லிவிடுவார்கள். சொந்தபந்தம், நண்பர்கள் என்று ஒரு பெரிய கூட்டத்தையே அவர் தாங்கினார் என்பதும் உண்மை. என் கணக்கில் பெரிய அடி வேறு: சிகாகோவில் கட்டட முதலீடுகளுக்கு வாங்கிய கடனுக்கு அவரே சொந்தப் பொறுப்பில் ஜாமீன் நின்றார். 2008-ல் சந்தை சரிந்தபோது வங்கிகள் நேராக அவரிடமே வந்தன. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அளப்பதற்கு முதலில் காகிதத்தைப் படிக்க வேண்டும்.

சிக்கனமானவர்களும் தப்புவதில்லை. டிம் டங்கனை ஊதாரி என்று யாரும் சொல்ல முடியாது. சான் அன்டோனியோவில் ஐந்து கோப்பை வென்றவர், அமைதியாக வாழ்ந்தவர். பல ஆண்டுகளாக நம்பிய நிதி ஆலோசகரால் 2 கோடி டாலருக்கும் மேல் இழந்ததாகச் சொன்னார். அந்த ஆலோசகர் 2017-ல் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். ஆலோசனை சொல்பவரும் பணத்தை நகர்த்துபவரும் கணக்கைச் சரிபார்ப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. இதில் நட்புக்கு இடமில்லை.

கிடைத்ததை வேண்டாமென்பதும் ஆபத்தானது. 2004-ல் மினசோட்டா அணி மூன்று ஆண்டுகளுக்கு 2 கோடியே 10 லட்சம் டாலர் தர முன்வந்தபோது லட்ரெல் ஸ்ப்ரீவெல் அது போதாது என்றார். குடும்பத்துக்குச் சோறு போட வேண்டும் என்ற பொருளில் அவர் சொன்ன காரணம் இன்றுவரை கிண்டலுக்கு ஆளாகிறது. அந்தப் பருவம் முடிந்தபின் அவர் என்.பி.ஏ.வில் ஆடவே இல்லை. அப்போது அவருக்கு வயது 34. முப்பதைத் தாண்டிய வீரர், போன வருட ஆட்டத்துக்கு அடுத்த வருட விலையைக் கேட்கும்போது கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

உடம்பு

வலியைச் சொல்லாமல் ஆடுவதை வீரம் என்று ரசிகர்கள் கொண்டாடுவதால் இந்தத் தவறு தவறாகவே தெரிவதில்லை. கிராண்ட் ஹில் 2000-ம் ஆண்டு பிளே ஆஃபில் (கோப்பைக்கான இறுதிக்கட்டச் சுற்றில்) கணுக்கால் வலியோடு டெட்ராய்டுக்காக ஆடினார். எலும்பு முறிந்தது. அடுத்து பெரிய ஒப்பந்தத்தில் ஆர்லாண்டோ போனவர், முதல் மூன்று பருவங்களில் சேர்த்து ஆடியது 47 ஆட்டங்கள், நான்காம் பருவத்தில் ஒன்றுகூட இல்லை. பிறகு மீண்டு 40 வயது வரை ஆடினார் என்பது அவருடைய பொறுமைக்குக் கிடைத்த பலன். ஆனால் உச்சத்தில் இருந்த ஆண்டுகள் போனவை போனவைதான்.

அணி மருத்துவருக்குச் சம்பளம் கொடுப்பது அணி. அவர் கெட்டவர் என்று அர்த்தமில்லை. ஆனால் வெளி மருத்துவரிடம் இரண்டாவது கருத்துக் கேட்கும் உரிமை, லீகும் வீரர் சங்கமும் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்தக் கூச்சப்படுவது முட்டாள்தனம். இப்போது ஒரு புதிய சிக்கலும் சேர்ந்திருக்கிறது. 2023-24 பருவத்திலிருந்து முக்கிய விருதுகளுக்குத் தகுதி பெற, விதிவிலக்குகள் தவிர, 65 ஆட்டங்களில் ஆடியிருக்க வேண்டும். விருதைப் பொறுத்து அடுத்த ஒப்பந்தத்தின் உச்சவரம்பு மாறும். ஆகவே ஓய்வெடுப்பதா ஆடுவதா என்ற கேள்வியில் பணமும் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

களத்துக்கு வெளியே வரும் காயத்தின் கதை வேறு. 2002 டிராஃப்டில் இரண்டாவதாகத் தேர்வான ஜே வில்லியம்ஸ், ஒரே பருவம் ஆடியபின் 2003 ஜூனில் மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கினார். அந்த வண்டியை ஓட்டக் கூடாது என்று ஒப்பந்தமே சொன்னது. அவர் என்.பி.ஏ. ஆட்டத்துக்குத் திரும்பவே இல்லை. 2008-ல் மான்டா எலிஸ் சிறிய மோப்பெட்டில் விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டார். ஆடும்போது பட்ட அடி என்று முதலில் அவர் சொன்ன கதை நிற்கவில்லை. கோல்டன் ஸ்டேட் அவரைச் சம்பளமில்லாமல் 30 ஆட்டங்களுக்கு நிறுத்தி வைத்தது. இழப்பு சுமார் 30 லட்சம் டாலர்.

கடையில் கிடைக்கும் சத்துப் பொடிகளும் மாத்திரைகளும் தனி ஆபத்து. டப்பாவின் மேல் எழுதாத பொருள் உள்ளே இருக்கலாம்; எழுதியிருந்தாலும் பெயர் புரியாமல் போகலாம். சத்னாம் சிங்குக்கு 2020-ல் இரண்டு ஆண்டுத் தடை விழுந்தது. காரணம் ஹைஜினமின் என்ற பொருள். சில தாவரங்களிலும், உடற்பயிற்சிக்கான துணை உணவுகள் சிலவற்றிலும் இருப்பது அது. உடம்புக்குள் போன எதற்கும் வீரரே பொறுப்பு என்பதுதான் ஊக்கமருந்து விதி. தெரியாது என்று சொன்னால் தண்டனை குறையலாம், குற்றம் போகாது.

சூதாட்டம் பற்றி ஒரே வரி போதும் என்று நினைத்தேன், ஆனால் பேச்சும் குற்றமாகும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. தனக்கு உடம்பு சரியில்லை, இன்று ஆட மாட்டேன் என்ற தகவலைப் பந்தயக்காரரிடம் சொல்வதே விதிமீறல். அப்படித் தகவல் கொடுத்ததற்கும், பந்தயத்துக்காக ஆட்டத்திலிருந்து பாதியில் விலகியதற்கும் டொரான்டோவின் ஜான்டே போர்ட்டர் 2024 ஏப்ரலில் வாழ்நாள் தடை பெற்றார்.

இறங்கு முகத்தில்

ஆலன் ஐவர்சன் 2001-ல் என்.பி.ஏ.வின் மிக மதிப்புமிக்க வீரர் விருது பெற்றவர். 2009-ல் மெம்ஃபிஸ் அணி அவரைத் தொடக்க ஐவரில் சேர்க்காமல், மாற்று வீரராகப் பெஞ்சிலிருந்து இறக்க விரும்பியது. அவர் ஒப்பவில்லை, மூன்றே ஆட்டத்தில் பிரிந்தார்கள். அடுத்த ஆண்டிலேயே அவருடைய என்.பி.ஏ. வாழ்க்கை முடிந்தது. வின்ஸ் கார்ட்டரும் ஒரு காலத்தில் அதே அளவு பெரிய நட்சத்திரம். துள்ளி எழுந்து பந்தை வளையத்துக்குள் அழுத்தும் டங்குகளுக்குப் பேர்போன அவர், கால் வேகம் குறைந்ததும் மூன்று புள்ளி வீச்சை வைத்துக்கொண்டு, பெஞ்சில் உட்கார்ந்து, இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுத்து 22 பருவங்கள் நீடித்தார். இதில் ஐவர்சனைக் குறை சொல்ல எனக்கு முழு மனதில்லை. அந்தப் பிடிவாதம்தான் ஆறடி உயரத்தில் அவரை அவ்வளவு தூரம் கொண்டுவந்தது.

ஓய்வுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்களுக்கு ஜூனியர் பிரிட்ஜ்மேனைக் காட்டலாம். நட்சத்திர வீரர் கரீம் அப்துல்-ஜப்பாரை லேக்கர்ஸ் அணி வாங்கியபோது பதிலுக்கு மில்வாக்கிக்கு வந்தவர்களில் ஒருவர். ஆண்டுக்கு 3,50,000 டாலருக்கு மேல் அவர் சம்பளம் போனதே இல்லை. ஆடிய காலத்திலேயே வெண்டீஸ் உணவகங்களின் நடைமுறையை உள்ளே புகுந்து கற்றார், பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட கிளைகளுக்கு உரிமையாளரானார். 2024-ல் தன் பழைய அணியான மில்வாக்கி பக்ஸில் 10 சதவீதப் பங்கை வாங்கினார்.

அவ்வளவு தூரம் போகாதவர்கள் கேட்க வேண்டிய கேள்வி எளியது: எத்தனை பருவம் கணக்கில் சேர்ந்திருக்கிறது? என்.பி.ஏ. ஓய்வூதியத்துக்கு மூன்று பருவச் சேவை வேண்டும். இரண்டு பருவம் முடித்துவிட்டு, அணி அழைக்கவில்லை என்ற கோபத்தில் கிடைத்த முதல் வெளிநாட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன், மூன்றாவது பருவத்துக்கு வேறு ஏதாவது அணியில் குறைந்தபட்சச் சம்பளத்திலாவது இடம் கிடைக்குமா என்று ஏஜென்டிடம் ஒருமுறை கேட்டுவிட வேண்டும்.