ஒரே எழுத்துல ஆரம்பிக்கிற இங்கிலீஷ் பாட்டுகள தேடிப் பிடிக்கிறது எப்படி

கேட்ட பாட்டையே திரும்பத் திரும்பக் கேட்டு சலிச்சுப் போச்சுன்னா ஒரு வழி சொல்றேன், இங்கிலீஷ் எழுத்துல ஏதாவது ஒண்ண எடுத்துக்கோங்க, தலைப்பு அந்த எழுத்துல ஆரம்பிக்கிற பாட்ட மட்டும் தேடிக் கேளுங்க. சின்னப் பசங்க விளையாட்டு மாதிரி தெரியும், ஆனா ஆப் நமக்கு என்ன பண்ணுதுன்னு யோசிச்சுப் பாருங்க, நேத்து கேட்டது மாதிரியே இன்னொண்ணத்தான் இன்னைக்கு கொண்டு வந்து நீட்டும். எழுத்துக்கு ராக்கும் தெரியாது டிஸ்கோவும் தெரியாது, 1959ல வந்த பாட்டையும் 2022ல வந்த பாட்டையும் பக்கத்துல பக்கத்துல உக்கார வச்சிரும்.

மொதல்ல எழுத்து. எஸ், ஐ, எல் இதெல்லாம் எடுத்தா முடிவே வராது, லவ்வுன்னு ஆரம்பிக்கிறதே எத்தனை இருக்கும்னு நீங்களே பாத்துக்கோங்க. எக்ஸ் எடுத்தா ஒலிவியா நியூட்டன் ஜான் 1980ல பாடின 'ஸானடு', பியான்சேவோட 'எக்ஸ்ஓ'ன்னு கொஞ்ச தூரத்துலயே ரோடு முடிஞ்சிரும். நடுத்தரமா இருக்கிற எழுத்துதான் சுகம். நான் கே எழுத்துலதான் ஆரம்பிச்சேன், இன்னைக்கும் யாராவது கேட்டா அதையே சொல்வேன், அதனால இங்க எல்லா உதாரணமும் கேதான்.

தேட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே நமக்குன்னு சில ரூல் எழுதி வச்சுக்கணும், இல்லன்னா பாதியில குழப்பம் வரும். தி, ஏ, ஆன் இந்த மூணும் முன்னாடி வந்தா கணக்குல எடுக்காதீங்க, லைப்ரரில புத்தகம் அடுக்குறப்பவும் இப்படித்தான் பண்ணுவாங்க. இத ஒத்துக்கிட்டா குயின் குழுவோட 'ஏ கைண்ட் ஆஃப் மேஜிக்', தி ஹூ குழுவோட 'தி கிட்ஸ் ஆர் ஆல்ரைட்', எக்கோ அண்ட் தி பன்னிமென் 1984ல போட்ட 'தி கில்லிங் மூன்' எல்லாம் கே வீட்டுக்கு வந்துரும். அடுத்தது, காதுல விழுறத நம்பாதீங்க, ஸ்பெல்லிங்க பாருங்க. நாம க-ன்னு எழுதுற ஒரே சத்தம் அங்க சி, கே, க்யூன்னு மூணு எழுத்துல வரும், 'கேர்லெஸ் விஸ்பர்', 'கலிஃபோர்னியா ட்ரீமின்' ரெண்டும் சி. அதே மாதிரி 'நாக்கிங் ஆன் ஹெவன்ஸ் டோர்', 'நாக் ஆன் வுட்', ஆபா குழுவோட 'நோயிங் மீ, நோயிங் யூ' இதெல்லாம் ந-ன்னு கேக்கும், எழுதுறப்ப முன்னாடி ஒரு ஊமை கே நிக்கும். மொத தடவ தேடுறப்ப இந்த ஊமை கே பாட்டு பூராத்தையும் நான் விட்டுட்டேன், அதுல இருக்கிறதெல்லாம் எவ்வளவு நல்ல பாட்டு!

இன்னொரு சிக்கல் அடைப்புக்குறி. ரோலிங் ஸ்டோன்ஸோட 'சாட்டிஸ்ஃபேக்ஷன்' முழுத் தலைப்பு எழுதினா அடைப்புக்குள்ள 'ஐ கான்ட் கெட் நோ'ன்னுதான் ஆரம்பிக்கும், அப்ப அது ஐயா எஸ்ஸா? டோரிஸ் டே 1956ல பாடின 'கே செரா செரா'வ எல்லாரும் அந்தப் பேர்லதான் சொல்றோம், சத்தம் கே, எழுத்து க்யூ, ஆனா ரெக்கார்ட் லேபிள்ல மொதல்ல இருக்கிறது 'வாட்டெவர் வில் பி, வில் பி', அதாவது டபிள்யூ. ப்ரிட்னி ஸ்பியர்ஸோட மொத ஹிட் பாட்டுத் தலைப்பு மூணு புள்ளியிலதான் ஆரம்பிக்குது, அதுக்கப்புறம்தான் 'பேபி'. நான் அடைப்புக்குள்ள இருக்கிறதையும் சேத்து எழுதின வரிசைப்படியே எடுத்துக்குவேன், புள்ளிய விட்டுருவேன். நீங்க வேற மாதிரி வச்சுக்கலாம், ஆனா கடைசி வரைக்கும் மாத்தாதீங்க.

இப்ப எங்க தேடுறதுன்னு பாப்போம். எனக்கு ரொம்ப கை கொடுத்தது நம்பர் ஒன் பட்டியல்கள்தான், அதாவது சார்ட்னு சொல்ற வாராந்திர ஹிட் வரிசைல எது மொத இடத்துல இருந்துச்சுங்கிற பட்டியல். அமெரிக்காவுல பில்போர்ட் ஹாட் 100 ஆரம்பிச்சது 1958 ஆகஸ்ட்ல, பிரிட்டன் சிங்கிள்ஸ் சார்ட் அதுக்கும் முன்னாடி 1952 நவம்பர்ல. ரெண்டுக்கும் எந்த வாரம் எது நம்பர் ஒன்னு விக்கிபீடியால அட்டவணையாவே இருக்கு. அத அப்படியே காப்பி பண்ணி கூகுள் ஷீட்ஸ்லயோ எக்செல்லயோ ஒட்டுங்க, ஃபில்ட்டர்ல இந்த எழுத்துல ஆரம்பிக்கிறதுன்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், அதுல கே போடுங்க. ஒண்ணுமே வரலன்னா பயப்படாதீங்க, அங்க பாட்டு பேருக்கு முன்னாடி மேற்கோள் குறி இருக்கும், அதான் மொத எழுத்துன்னு ஷீட் நினைச்சுக்குது, ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்ல அத தூக்கிட்டீங்கன்னா பாட்டெல்லாம் வந்து நிக்கும். 1974ல கார்ல் டக்ளஸ் பாடின 'குங் ஃபூ ஃபைட்டிங்', 1976ல மன்ஹாட்டன்ஸ் குழுவோட 'கிஸ் அண்ட் சே குட்பை', 1983ல கல்ச்சர் கிளப்போட 'கர்மா கமீலியன்', 1986ல பிரின்ஸோட 'கிஸ்', 1988ல பீச் பாய்ஸோட 'கோகோமோ', அப்புறம் ஸ்ஸாவோட 'கில் பில்'னு வரிசையா வரும்.

ரெண்டு நாட்டு பட்டியலையும் கண்டிப்பா பாருங்க, ஒண்ணு மட்டும் பாத்தா பெரிய பெரிய பாட்டே விட்டுப் போகும். ஃபுஜீஸ் 1996ல போட்ட 'கில்லிங் மீ சாஃப்ட்லி' பிரிட்டன்ல நம்பர் ஒன், ஆனா அமெரிக்காவுல அத தனி சிங்கிளா விக்கவே இல்ல, அப்ப இருந்த விதிப்படி கடையில விக்காத பாட்டு ஹாட் 100க்குள்ள வர முடியாது, அதனால அந்தப் பட்டியல்ல தேடினா கிடைக்காது. ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி மெஷினோட 'கில்லிங் இன் தி நேம்' வந்தது 1992ல, பிரிட்டன்ல நம்பர் ஒன் ஆனது 2009 கிறிஸ்மஸுக்கு, டிவி போட்டியில ஜெயிக்கிறவங்க பாட்டே வருஷா வருஷம் முதல்ல வருதேன்னு ரசிகர்கள் சேந்து இத வாங்கி மேல ஏத்தினாங்க. அதனால உங்க ஷீட்ல வந்த வருஷம், ஹிட் ஆன வருஷம்னு ரெண்டு நெடுவரிசை போட்டு வைங்க.

சார்ட்டுக்கு வெளியவும் நல்ல பாட்டு நிறைய கிடக்கு. லெட் செப்பலினோட 'காஷ்மீர்' எட்டு நிமிஷத்துக்கு மேல ஓடும், 1975ல 'ஃபிசிக்கல் கிராஃபிட்டி' ஆல்பத்துல வந்தது, ராபர்ட் பிளாண்ட் அத எழுதினது மொராக்கோ பாலைவனத்துல வண்டில போனப்ப. இந்த மாதிரி ஆல்பம் பாட்டுக்கு சார்ட் உதவாது. ஸ்பாட்டிஃபைல யாராவது போட்டு வச்சிருக்கிற ஐநூறு அறுநூறு பாட்டு இருக்கிற பழைய ராக், சோல், நைன்டீஸ் ப்ளேலிஸ்ட் எதையாவது தொறந்து டைட்டில் வரிசைல அடுக்குங்க, கே வர்ற இடத்துக்கு போய் நில்லுங்க, அவ்வளவுதான். கரோக்கி பாட்டு பட்டியலும் நல்லா உதவும், அதுல பல லிஸ்ட் அகர வரிசைலயே இருக்கும். தேடுற பெட்டில ஒத்த எழுத்து போட்டா பாடகர் பேராத்தான் கொட்டும், அதனால கே-க்கு அப்புறம் வர்ற ரெண்டாவது எழுத்தையும் சேத்து கேஏ, கேஇ, கேஐ, கேஎன், கேஓன்னு ஒவ்வொண்ணா போட்டு பாட்டு மட்டும் காட்டுங்கிற டேப்ல பாருங்க, கூடவே வருஷ ஃபில்ட்டர்ல பத்து பத்து வருஷமா பிரிச்சுக்கோங்க.

ஒரே பேர்ல வேற வேற பாட்டு வரும், அத டூப்ளிகேட்னு அழிச்சிராதீங்க. 'கிட்ஸ்'னு ராபி வில்லியம்ஸும் கைலி மினோகும் சேந்து பாடினது ஒண்ணு, எம்ஜிஎம்டி போட்டது ஒண்ணு, ரெண்டுக்கும் சம்பந்தமே கிடையாது.

லிஸ்ட் ரெடியானதும் கேக்குறதுலதான் விஷயமே இருக்கு. நான் வருஷ வரிசைலதான் கேப்பேன், அப்படி கேட்டாத்தான் ஒரே பாட்டு யார் யார் கைக்கு போய் எப்படி மாறுச்சுன்னு காதுக்கு புரியும், கே எழுத்துல இது ரொம்பவே இருக்கு. 'கன்சாஸ் சிட்டி'ய 1952ல லிட்டில் வில்லி லிட்டில்ஃபீல்ட் பாடினப்ப பேரே வேற, 'கே. சி. லவிங்', 1959ல வில்பர்ட் ஹாரிசன் பாடி அமெரிக்காவுல நம்பர் ஒன் ஆச்சு, 1964ல பீட்டில்ஸ் எடுத்துப் பாடினாங்க. 'நாக் ஆன் வுட்' எடி ஃபிளாய்ட் 1966ல பாடினது சோல், 1979ல ஏமி ஸ்டூவர்ட் பாடினப்ப டிஸ்கோ. 'கில்லிங் மீ சாஃப்ட்லி'ய 1972ல லோரி லீபர்மன், 1973ல ராபர்ட்டா ஃபிளாக், அப்புறம் ஃபுஜீஸ்னு மூணையும் ஒண்ணு பின்னாடி ஒண்ணா கேளுங்க, நடுவுல வேற எதுவும் போடாதீங்க.

கடைசியா 'நாக்கிங் ஆன் ஹெவன்ஸ் டோர்' வைங்க. பாப் டிலன் 1973ல ஒரு கௌபாய் படத்துக்காக எழுதினது, ரெண்டரை நிமிஷம்தான், சாகப் போற ஒரு ஆள் பக்கத்துல உக்காந்து பாடுற மாதிரி அடக்கமா இருக்கும். அது முடிஞ்ச கையோட கன்ஸ் அன்ட் ரோஸஸ் 1991ல போட்டத ஓட விடுங்க, அதே வார்த்தை அதே மெட்டு, அஞ்சு நிமிஷத்துக்கு மேல கத்தி கிடார் கதறும். அதுக்கப்புறம் எல்லுக்கு போகலாம்.