பிரித்தானியப் பிரபு ஒருவரின் அரசியல் வாழ்க்கையைக் குழம்பாமல் படிப்பது எப்படி?

உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் எடுத்தவர்களுக்கும், கம்பஸில் பிரித்தானிய அரசியல் பற்றி ஒப்படை எழுதுகிறவர்களுக்கும் இது. உதாரணத்துக்கு 1963–64இல் பிரித்தானியப் பிரதமராக இருந்த அலெக் டக்ளஸ்-ஹியூமை எடுப்போம்.

முதல் வேலை, பெயர்களை ஒரு தாளில் வரிசையாக எழுதுவது. 1931இல் பொதுமக்கள் சபைக்குத் தெரிவான டங்ளஸ் (Dunglass) பிரபு, 1951இல் தகப்பன் இறந்ததும் 14ஆவது ஹியூம் ஏர்ல் (பரம்பரைப் பிரபுப் பட்டம்), 1963இல் சேர் அலெக், 1974இல் மறுபடி ஹியூம் பிரபு, எல்லாம் ஒரே ஆள்தான். இது தெரியாமல் நாடாளுமன்ற உரைப் பதிவான ஹன்சாட்டில் தேடினால் பாதி வாழ்க்கை கைக்கு வராது. பிரபு எப்படிப் பொதுமக்கள் சபையில் இருந்தார் என்று கேட்பீர்கள்: ஏர்லின் வாரிசுக்கு மரியாதைக்காக வழங்கும் பட்டம் அது, தகப்பன் இருக்கும்வரை சட்டப்படி அவர் சாதாரணக் குடிமகன்.

அப்புறம் ஒவ்வோர் ஆண்டுக்கும் பக்கத்தில் அவர் எந்தச் சபையில் (பொதுமக்கள் சபையா, பிரபுக்கள் சபையா) இருந்தார் என்று குறியுங்கள். 1963க்கு வரும்போது நின்று நிதானமாகப் படியுங்கள், பரம்பரைப் பட்டத்தைத் துறக்கலாம் என்ற சட்டம் அந்த ஜூலையில்தான் வந்தது, ஒக்டோபரில் பிரதமர் மக்மில்லன் நோயால் விலக, கன்சர்வேடிவ் கட்சிக்குள் வாக்கெடுப்பே இல்லாமல் ஹியூம் பிரதமரானார், பொதுமக்கள் சபைக்குப் போகச் சில நாளில் பட்டத்தைத் துறந்தார், நவம்பரில் ஸ்கொட்லாந்தில் ஓர் இடைத்தேர்தலில் வென்றார். இடையில் சுமார் இரண்டு வாரம் பிரதமர் எந்தச் சபையிலும் இல்லை! நமது இலங்கை அரசியல் யாப்பில் பிரதமர் நாடாளுமன்ற உறுப்பினராக இருக்கவேண்டும் என்று எழுதியே இருக்கிறது. அங்கே அது வெறும் வழக்காறு. யாப்பு பற்றிய கேள்விக்கு இந்த ஒப்பீட்டைக் கட்டாயம் எழுதுங்கள்.

ஒரு வருடப் பிரதமர், 1964 தேர்தலில் தொழிற்கட்சித் தலைவர் வில்சனிடம் தோற்றவர் என்று அவரை முடித்துவிடுவது அநியாயம். 1965இல் கட்சித் தலைவரை எம்பிக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்யும் முறையைக் கொண்டுவந்ததும் அவர்தான், பிறகு பிரதமர் ஹீத்தின் கீழ் 1970இலிருந்து 1974 வரை மறுபடி வெளிநாட்டமைச்சராக இருந்தார்.

கடைசியாக, இலங்கைத் தொடர்பைத் தேடுங்கள். 1957இல் திருகோணமலைக் கடற்படைத் தளமும் கட்டுநாயக்க விமானத் தளமும் நம்மிடம் கையளிக்கப்பட்டபோது லண்டனில் பொதுநலவாய உறவுகள் அமைச்சர் இவர். கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் அந்த ஆண்டின் பழைய பத்திரிகைகளைக் கேளுங்கள், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலிருந்து தொடங்கினால் நேரம் மிச்சம்.