பண்முறை அறிந்தவர் குரு கிரந்த சாகிபை வாசிக்கும் வழி

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் அறநெறிப் பாடசாலைக்குப் போய்ப் பண்ணோடு தேவாரம் படித்துப் பழகிய ஒருவர், சீக்கியரின் மறைநூலான குரு கிரந்த சாகிபைத் திறந்து பார்க்க விரும்பினால், அதற்கு வேண்டிய ஆயத்தத்தில் பெரும்பகுதி அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. அந்நூலும் இசைமுறையில் அடுக்கப்பட்டது. அதிலும் பெரும்பாலான பாடல்களுக்குத் தலைப்பில் இராகம் குறிக்கப்பட்டிருக்கும். கடைசி அடிகளில் ஒரு பெயர் முத்திரையாக வரும். அப்படியிருந்தும் நம்மவர் பலர் ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்றை எடுத்து, கதைநூல் வாசிப்பது போல முதற் பக்கத்திலிருந்து தொடங்கி, சொன்னதே திரும்பவும் வருகிறதே என்று சலித்து, இருபது பக்கம் தாண்டுமுன் மூடிவிடுகிறார்கள். தேவாரத்தை அப்படி யாரும் வாசிப்பதில்லை. ஒரு பதிகத்தை எடுத்துக்கொண்டு, அதன் பண்ணைக் கேட்டு, பாடிப் பார்த்து, பிறகுதான் பொருளுக்குப் போகிறோம். இங்கேயும் அந்த வழிதான் பயன் தரும்.

நூல் உருவான வரலாற்றைச் சுருக்கமாக மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. ஐந்தாம் குருவான குரு அர்ஜன் தமக்கு முந்திய நான்கு குருமாரின் பாடல்களையும் தம்முடையவற்றையும் தொகுத்து, பாயி குர்தாஸ் என்னும் அடியாரைக் கொண்டு எழுதுவித்து, 1604 இல் அமிர்தசரஸ் பொற்கோயிலான ஹர்மந்திர் சாகிபில் வைத்தார். ஒன்பதாம் குருவான தேக் பகதூரின் பாடல்கள் பின்னர் பத்தாம் குருவான கோபிந்த் சிங் காலத்தில் சேர்ந்தன. தமக்குப் பின் மனிதர் எவரும் குருவாக மாட்டார், இந்நூலே குரு என்று அவர் 1708 இல் நாந்தேட்டில் அறிவித்தார். திருமுறைக்கு நம்பியாண்டார் நம்பி செய்ததைக் கிட்டத்தட்ட குரு அர்ஜன் இதற்குச் செய்தார் எனலாம். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு: நம்பி காலத்தில் ஏடுகளில் பெரும்பகுதி செல்லரித்துப் போயிருந்தது என்பது மரபு, இங்கோ தொகுத்தவரே பாடியவர்களில் ஒருவர், நூலில் மிகுதியான பாடல்களும் அவருடையவை.

வாசிக்கத் தொடங்குபவர் முழு அச்சுப் பிரதியைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஸ்ரீகிரந்த், சிக்கி டு த மேக்ஸ் போன்ற இணையத்தளங்களில் பக்க எண்ணைக் கொடுத்தால் மூலமும், அதன் ஒலிபெயர்ப்பும், ஆங்கிலப் பொருளும் அடுத்தடுத்து வரும், கைத்தொலைபேசியே போதும். இன்று வழக்கிலுள்ள நிலையான பிரதி 1430 பக்கங்களைக் கொண்டது. பக்கம் என்னாமல் அங்கம் என்ற பொருளில் ‘அங்க்’ என்பது சீக்கியர் வழக்கு. நூலை உயிருள்ள குருவாகக் கொள்வதால் வந்தது அது. எந்தப் பிரதியை எடுத்தாலும் ஒரு பாட்டு அதே அங்கில்தான் நிற்கும் என்பதால், குறிப்பெடுக்கும்போது அங்க் எண்ணை எழுதிவைத்தால் மறுபடியும் தேட வேண்டிய தொல்லை இல்லை. இதற்கென்று ஒரு சீ.ஆர். கொப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

நூலின் அமைப்பு மூன்று பகுதி. முதல் 13 அங்குகளில் நாள்தோறும் ஓதும் பாடல்கள் உள்ளன: விடியலில் ஓதும் ஜப்ஜி, மாலையில் சோதர், படுக்கைக்குப் போகுமுன் சோகிலா. 14 ஆம் அங்கில் சிறீராகம் தொடங்கி, 1352 இல் ஜைஜாவந்தி வரை 31 இராகங்களில் பாடல்கள் செல்கின்றன. அதன்பின் 1430 வரை, பெரும்பாலும் இராகம் குறிக்கப்படாத, சலோக்கு எனப்படும் சிறு செய்யுள்களும் புகழ்ப்பாக்களும் வருகின்றன. சிறீ, மாஜ், கௌடி, ஆசா எனப் போகும் இராக வரிசையைப் பார்க்கும்போது, நட்டபாடை, தக்கராகம், பழந்தக்கராகம் என்று முதல் திருமுறை போகும் வரிசை நினைவுக்கு வராமல் போகாது. காரைதீவில் பிறந்து பண்டைய பண்களைத் தேடி யாழ் நூல் எழுதிய விபுலாநந்த அடிகளின் மண்ணில் இதை அதிகம் விளக்கத் தேவையில்லை.

இனித் தலைப்பை வாசிக்கும் முறை. இதைத் தவறவிட்டால் மற்றதெல்லாம் குழம்பிவிடும். ‘ராக் தனாசரி மஹலா 1’ என்று ஒரு தலைப்பு இருந்தால், முதலில் நிற்பது இராகம். மஹலா என்பதற்கு அடுத்த எண் பாடிய குருவைக் காட்டுகிறது. 1 நானக், 2 அங்கத், 3 அமர்தாஸ், 4 ராம்தாஸ், 5 அர்ஜன், 9 தேக் பகதூர். இந்த எண் ஏன் இன்றியமையாதது என்றால், குருமார் அறுவரும் தத்தம் பாடலின் முடிவில் ‘நானக்’ என்றே முத்திரை வைத்திருக்கிறார்கள். சம்பந்தர் கடைக்காப்பில் தம் பெயரைச் சொல்வதைக் கேட்டுப் பழகிய நமக்கு, கடைசி அடியில் நானக் என்று கண்டதும் அது குரு நானக் பாடியது என்று முடிவு கட்டத் தோன்றும். அப்படிச் செய்யாமல், மேலே போய் மஹலா எண்ணைப் பாருங்கள். மூலத்தின் எழுத்தான குர்முகி முழுவதையும் படிக்க நேரமில்லாதவர்கூட அதன் பத்து இலக்கங்களின் வடிவத்தை ஒரு மாலையில் பழகிக்கொள்ளலாம். மூலத்தில் தடுமாறாமல் நடக்க அது போதும். ‘கர்’ என்று இன்னோர் எண்ணும் சில தலைப்புகளில் வரும். அது இசை பற்றிய குறிப்பு. பாடகர் அல்லாதவர் அதைக் கடந்து போகலாம்.

ஓர் இராகத்துக்குள் பாடல்கள் பொதுவாக ஓர் ஒழுங்கில் இருக்கும். நான்கடுக்குச் சிறு பாடல்கள் முதலில், எட்டடுக்கான அட்டபதிகள் அடுத்து, பிறகு சந்த், பிறகு வார் என்னும் நெடும்பாடல், கடைசியில் பகத்துகள் எனப்படும், குருமார் அல்லாத அடியாரின் பாடல்கள். பகத்துகள் பதினைவர். கபீர் நெசவாளர், ரவிதாஸ் தோல்வேலை செய்தவர், சதனா கசாப்புக்காரர், சைன் நாவிதர், நாமதேவர் மராட்டிய நாட்டவர். திருநீலகண்டக் குயவரையும் திருக்குறிப்புத்தொண்டரையும் கும்பிடுகிற நமக்கு இந்தப் பட்டியல் அந்நியமாகத் தெரியாது. காத்தான்குடியிலோ அக்கரைப்பற்றிலோ இருந்து இதை வாசிக்கும் முஸ்லிம் வாசகருக்கு என் ஆலோசனை வேறு: 1377 ஆம் அங்கிற்கு நேரே போய் ஷேக் பரீதின் சலோக்குகளிலிருந்து தொடங்குங்கள். பாக்பத்தனில் அடங்கிய இந்தச் சூஃபி ஞானியின் ஈரடிகள் மூப்பையும் மரணத்தையும் தொழுகையையும் பற்றி நேராகப் பேசுபவை. இடையிடையே மஹலா என்ற குறிப்போடு சில ஈரடிகள் வந்தால், அவை பரீதுக்கு மறுமொழியாகவும் விளக்கமாகவும் குருமார் சேர்த்தவை என்று அறிக.

பாட்டைக் கையில் எடுத்ததும் முதலில் தேட வேண்டியது ‘ரஹாவு’ என்ற சொல். அது நிற்கும் அடியே பாட்டின் பல்லவி. நிறுத்திக் கருதுக என்பது அதன் பொருள். பாட்டின் கருத்து பெரும்பாலும் அங்கேதான் இருக்கும், மற்ற அடிகள் அதைச் சுற்றி வருவன. மூலத்தில் அது முதல் அடுக்குக்குப் பின் வந்தாலும், கொப்பியில் அதை மேலே எழுதிக்கொண்டு, ஒவ்வோர் அடுக்கையும் வாசித்து முடித்தபின் அதற்குத் திரும்புங்கள். கீர்த்தனம் பாடுவோர் செய்வதும் இதுதான்.

13 ஆம் அங்கில் சோகிலாவுக்குள் வரும் ஆரத்திப் பாடலில் இதைச் செய்து பார்க்கலாம். தலைப்பு தனாசரி, மஹலா 1. ஆகவே பாடியவர் குரு நானக். பூரி சகந்நாதர் கோயிலில் மாலை ஆரத்தி நடந்தபோது பாடியது என்பது சீக்கிய மரபு. முதல் அடுக்கில், வானம் தட்டு, ஞாயிறும் திங்களும் அதில் ஏற்றிய விளக்குகள், விண்மீன்கள் முத்துகள். தென்னாட்டு மலயமலைச் சந்தனமணம் தூபம், காற்று வீசுவது சாமரை, காடெல்லாம் பூசைக்கான மலர். உடனே ரஹாவு வருகிறது: ‘கைஸீ ஆரதீ ஹோய், பவகண்டனா தேரீ ஆரதீ, அனஹதா ஸபத் வாஜந்த் பேரீ’. அகராதியை எடுக்குமுன் காதால் கேளுங்கள். பவம், கண்டனம், அனாகதம், சப்தம், பேரி ஆகிய ஐந்தும் நமக்குத் தெரிந்தவை. பிறவியை அறுப்பவனே, இது எப்பேர்ப்பட்ட ஆரத்தி, தட்டாமல் எழும் ஓசையே இங்கே முரசு என்று பொருள் தானே திரண்டு வரும். இரண்டாம் அடுக்கு ஆயிரம் கண்ணுடையாய், ஒரு கண்ணும் இல்லாய் என்று போகிறது. மூன்றாம் அடுக்கு எல்லாருக்குள்ளும் இருக்கும் சோதி அவனே என்கிறது. நான்காவதில் திருவடித் தாமரையின் தேனுக்கு மனம் ஏங்க, நானக் என்னும் பறவை நீர் கேட்கிறது. ஒவ்வொன்றிலிருந்தும் ரஹாவுக்குத் திரும்பினால், மாமாங்கத்திலோ வேறெந்தக் கோயிலிலோ பூசகர் கையில் சுற்றி வரும் தீபத்துக்கும் இந்தப் பாடலுக்கும் இடையேயான உறவும் விலகலும் ஒன்றாகப் புலப்படும்.

அந்த விலகலை மறக்கக் கூடாது. தாமரையடி, சோதி, பவம் எனப் பழகிய சொற்கள் வருவதால் இதுவும் நம் தேவாரம்தான் என்று சொல்லிவிடுவது எளிது, ஆனால் சரியல்ல. ஹரி, ராம், கோபிந்த் என்ற பெயர்கள் நூல் முழுவதும் வந்தாலும் குருமார் அவற்றால் அழைப்பது உருவமும் அவதாரமும் இல்லாத ஒருவனை. நூலின் தொடக்கத்தில் நிற்கும் மூல மந்திரம் அவனை ‘அஜூனி’, கருவில் வாராதவன் என்கிறது. சிலப்பதிகாரம் சிவனைப் பிறவா யாக்கைப் பெரியோன் என்பதோடு இது ஒட்டி நின்றாலும், யாக்கை என்பதையே இந்நூல் ஏற்காது.

ஒலிபெயர்ப்பில் ‘நாமு’, ‘மனி’ என்பது போல ஈற்றில் குற்றுயிர்கள் தொங்குவதைக் கண்டு திகைக்க வேண்டாம். அவை பெரும்பாலும் ஒலிக்கப்படுவதில்லை. நம் வேற்றுமை உருபு போலச் சொல்லின் இலக்கணத்தைக் காட்டுபவை. இந்த ஒழுங்கை விளக்கியவர் பேராசிரியர் சாகிப் சிங். பத்துத் தொகுதிகளில் அவர் எழுதிய பஞ்சாபி உரை இணையத்தில் கிடைக்கிறது. மொழியும் எங்கும் ஒன்றாக இருக்காது. பழைய பஞ்சாபி, வடநாட்டு மொழியான பிரஜ், பாரசீகம் எல்லாம் கலந்திருக்கும். 721 ஆம் அங்கில் திலங் இராகத்தில் குரு நானக் ஏறக்குறையப் பாரசீகத்திலேயே பாடுகிறார்.

கேட்காமல் வாசிப்பது அரைகுறை வாசிப்பு. ஹர்மந்திர் சாகிபின் கீர்த்தனம் நாள்தோறும் நேரலையாக ஒலிபரப்பாகிறது. நமக்கும் அமிர்தசரசுக்கும் ஒரே மணி என்பதால் விடியற்காலையில் எழுந்தால் ஆசா இராகத்து வாரான ‘ஆசா தீ வார்’ என்பதை அங்கே பாடும் வேளையிலேயே இங்கே கேட்கலாம். கர்நாடக இசை படித்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பெயர் ஒற்றுமையை நம்பாதீர்கள். அங்குள்ள பைரவ் இன்றைய இந்துஸ்தானி வழக்கில் நம் மாயாமாளவகௌளையின் சுரங்களைக் கொண்டது. நம் பைரவி வேறு.

மரியாதை பற்றியும் சொல்ல வேண்டும். முழு நூலை வீட்டில் வைப்பதற்குத் தனி இடம், விதானம், போர்வைத் துணி, நாள்முறை ஒழுக்கம் எல்லாம் வேண்டும். படிப்புக்காக அதை வாங்கி அலுமாரியில் அடுக்குவது சீக்கியரைப் புண்படுத்தும். சிறு ஓதுநூலான குட்கா கிடைத்தால், தலையை மூடி, கை கழுவி எடுத்து, திருமுறை இருக்கும் உயரத்தில் வையுங்கள். சீக்கியர் கோயிலான குருத்வாராவில் நூலைத் திறந்து இடப்பக்கத்தின் மேலே வரும் பாட்டை அன்றைய கட்டளையாக வாசிப்பதைக் கண்டால், மெய்கண்டாரின் தந்தைக்காகத் திருமுறையில் கயிறு சாத்திப் பார்த்த கதையை நினைத்துக்கொள்ளலாம்.

குரு நானக் மட்டக்களப்புக்கு வந்தார், குருக்கள்மடம் அவர் தங்கிய ஊர் என்று சில சீக்கிய எழுத்தாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஜனம்சாகி என்னும் வரலாற்றுக் கதைகளில் சிங்களதீபமும் சிவநாபன் என்ற அரசனும் வருவதே அதற்கு அடிப்படை. ஊர்ப்பற்றுக்கு அது இனிக்கும். ஆனால் பாடலை விளங்கிக்கொள்ள அது உதவாது என்பதால் அதில் நேரம் செலவழிக்க நான் சொல்லமாட்டேன்.

எந்த வரிசையில் போவது? ஆரத்திக்குப் பிறகு சோகிலாவின் மற்றைய பாடல்கள். பிறகு 1426 ஆம் அங்கில் தொடங்கும் குரு தேக் பகதூரின் 57 சலோக்குகள். 1675 இல் தில்லியில் கொல்லப்பட்ட குருவின் ஈரடிகள் அவை. எளிய பிரஜ் மொழியில் நிலையாமையைப் பேசுவதால் நாலடியார் படித்தவருக்கு வழி தெரியும். ஜப்ஜியைப் பலர் முதலில் எடுக்கிறார்கள்; நூலிலேயே செறிவான பகுதி அது என்பதால் நான் அதைக் கடைசியில் வைப்பேன். அதன் 38 அடுக்குகளில் ஒன்றை ஓர் இருப்பில் வாசித்தால் போதும். இருபத்தேழாம் அடுக்குக்கு வந்ததும் சற்று நில்லுங்கள்: உன் வாசல் எப்படிப்பட்டது, எங்கேயிருந்து எல்லாரையும் காக்கிறாய் என்று கேட்டு, காற்றும் நீரும் தீயும் சித்திரகுத்தனும் இந்திரனும் அங்கே பாடுவதைச் சொல்லும் பாட்டு அது. 6 ஆம் அங்கில் இராகம் இல்லாமலும், 8 ஆம் அங்கிலும் 347 ஆம் அங்கிலும் ஆசா இராகத்திலுமாக அது மூன்று இடங்களில் வருகிறது. மூன்றையும் கொப்பியில் பக்கம் பக்கமாக எழுதி, பாடுவதற்கென வைத்த வடிவங்களில் ‘தேரா’ என்ற சொல் எங்கெங்கே கூடுதலாக நுழைகிறது என்று கோடிட்டுப் பாருங்கள்.