டைமிங் லைட் காட்டாத கோளாறு

நான்கு நாள் வீண். மேடுபள்ளத்தில் ஓட்டும் என் பழைய டூ-ஸ்ட்ரோக் ஏடிவி வண்டி இழுக்கவே இல்லை, சைலன்சர் பைப் மட்டும் பழுக்கக் காய்ந்தது. கார்புரேட்டரைக் கழுவி, பிளக் மாற்றியும் பலனில்லை. பிளக்கில் தீப்பொறி சற்று முன்கூட்டியே விழட்டும் என்று, காயில் பிளேட்டின் ஓட்டைகளை அரத்தால் நீட்டி, கிராங்க் தண்டோடு சேர்ந்து மேக்னெட் சுற்றும் திசைக்கு எதிராக 3 டிகிரி திருப்பினேன். கொஞ்சம்தான் தேறியது. திருப்பும் முன் பார்த்தபோதோ, தீப்பொறி விழும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட்டில் எல்லாம் கச்சிதம்!

அப்புறம்தான் உறைத்தது: லைட் காட்டும் குறி மேக்னெட்டிலேயே இருக்கிறது. கிராங்கின் மேல் மேக்னெட் நழுவினால் குறியும் கூடவே நழுவும். பிளக் ஓட்டையில், நகர்வை நுணுக்கமாக அளக்கும் டயல் கேஜ் வைத்து பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்தேன். குறி தள்ளி நின்றது. மேக்னெட்டைப் புல்லர் போட்டுக் கழற்றினால், அதைக் கிராங்கில் சரியான இடத்தில் நிறுத்தும் சின்ன உலோகத் துண்டான கீ பாதி அறுந்திருந்தது.

புதுக் கீ போட்டு, மேக்னெட் உட்காரும் கிராங்கின் கூம்பை எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைத்து, நட்டைக் குறித்த அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கினேன். இரண்டாவது உதையிலேயே ஸ்டார்ட். மேட்டில் நாக்கிங் (இன்ஜினுக்குள் தட்டும் சத்தம்) கேட்டதால், அந்த 3 டிகிரியை மட்டும் திரும்ப எடுத்துவிட்டேன்.