பழைய பாடல்களைப் பத்தாண்டு வாரியாக மேடையேற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடியிருப்பு நலச் சங்கங்களும் ஊர் நாடகக் குழுக்களும் ஆண்டு விழாவுக்காகப் பழைய திரைப்பாடல்களைப் பத்தாண்டு வாரியாகத் தொகுத்து, இடையிடையே சிறு நாடகக் காட்சிகளும் நடனமும் சேர்த்து மேடையேற்றுவது இப்போது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. இத்தகைய குழுவொன்றில் பல ஆண்டுகள் ஒத்திகை பார்த்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: நிகழ்ச்சி கெடுவது பெரும்பாலும் மேடையில் அன்று, பாடல் பட்டியல் எழுதும் மேசையில்தான்.

ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த பாட்டைக் கேட்பார்கள். யாரையும் மனம் நோகச் செய்ய வேண்டாமென்று எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்வோம். 1940கள் முதல் 1990கள் வரை ஆறு பத்தாண்டுகளுக்குத் தலா ஐந்து பாடல் என்றால் முப்பது. பாடலுக்கு நான்கு நிமிடம், அறிவிப்புக்கும் ஆள் மாறுவதற்கும் இரண்டு நிமிடம் என்று வைத்தாலே மூன்று மணி நேரம் ஆகிவிடும். திறந்தவெளி மேடையானால் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தியாக வேண்டும். அப்போது வெட்டுப்படுவது கடைசியாக வைத்த பத்தாண்டுதான். எங்கள் குழுவிலேயே ஒருமுறை, இரண்டு மாதம் ஆடிப் பழகிய கல்லூரிப் பிள்ளைகள் மேடை ஏறாமல், போட்ட வேடத்தோடு வீடு திரும்பினார்கள். அதன் பிறகு பதினெட்டுப் பாடல்களுக்கு மேல் நாங்கள் எடுத்ததில்லை.

அடுத்த தவறு, காலத்தை உடையில் மட்டும் தேடுவது. பெல்பாட்டம் போட்டுவிட்டால் எழுபதுகள் வந்துவிடாது. 1944இல் வெளியான ‘ஹரிதாஸ்’ படத்தில் எம்.கே. தியாகராஜ பாகவதர் தாமே பாடி நடித்தார்; நடிகருக்கு வேறொருவர் பின்னணி பாடுவது பிறகுதான் பொதுவழக்காயிற்று. இணைந்து இசையமைத்துவந்த விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் 1965இல் பிரிந்தார்கள். 1976இல் ‘அன்னக்கிளி’யோடு இளையராஜாவும், 1992இல் ‘ரோஜா’வோடு ஏ.ஆர். ரகுமானும் வந்தார்கள். இந்தத் திருப்பங்கள் காதில் விழ வேண்டும். ஐம்பதுகளின் பாடலுக்குக் கீபோர்டில் பதிந்துவைத்த தாளத்தை ஓடவிட்டால், பட்டு வேட்டியும் ஜரிகை அங்கவஸ்திரமும் அந்தக் காலத்தைக் காப்பாற்றாது. கைத்தபலா ஒன்றே போதும்.

பாட்டு மக்களிடம் எப்படி வந்து சேர்ந்தது என்பதைக் காட்டாமல் விடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. கல்யாண வீட்டுக் குழாய் ஒலிபெருக்கி, டீக்கடையில் ஒலித்த இலங்கை வானொலி, வெள்ளிக்கிழமை இரவு ‘ஒளியும் ஒலியும்’ பார்க்க அடுத்த வீட்டுத் திண்ணை வரை நிறைந்த கூட்டம் என்று நாடகக் காட்சிக்குரிய செல்வமெல்லாம் இங்கேதான் இருக்கிறது. எண்பதுகளுக்கு நாங்கள் வைத்த காட்சியில் ஓர் இளைஞன் கோடு போட்ட தாளில் பாடல் பெயர்களை வரிசையாக எழுதி ரெக்கார்டிங் கடைக்காரரிடம் நீட்டுவான். அவர் விரல் விட்டு எண்ணி, “அறுபது நிமிஷ கேசட்டுல இவ்வளவும் அடங்காது தம்பி, ரெண்ட அடிச்சிடு” என்பார். எதை அடிப்பது என்று அவன் பேனாவைத் தாளின் மேல் வைத்தபடி நிற்பான். வசனம் அவ்வளவுதான். அரங்கில் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் அந்த இடத்தில் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

அறிவிப்பாளர் நினைவிலிருந்து பேசுவதையும் தவிர்க்க வேண்டும். எம்.ஜி.ஆருக்கு வாலி எழுதிய பாடலைக் கண்ணதாசன் பாடல் என்று அறிவிப்பது அடிக்கடி நேர்கிறது. இருவருக்குமே அது நியாயமன்று.

உரிமை பற்றியும் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, கட்டணம் செலுத்தாத பார்வையாளர்முன் தொழில்முறை சாராத குழு பாடுவதற்கு விலக்கு அளிக்கிறது. நன்கொடைச் சீட்டு என்று பெயரிட்டுப் பணம் வாங்கினால் அந்த விலக்கை நம்ப முடியாது, ஐ.பி.ஆர்.எஸ். போன்ற உரிமைச் சங்கத்திடம் அனுமதி பெறுவதே முறை. ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு என்பதால், பதிவு செய்த இசையை மேடையில் ஓடவிடுவதையும், காணொளியை இணையத்தில் ஏற்றுவதையும் தனித்தனியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாகக் கட்டை, அதாவது பாடும் சுருதியின் உயரம். ஒலிபெருக்கி இல்லாத நாடக மேடையில் கடைசி வரிசைவரை எட்டுவதற்காக உயர்ந்த சுருதியில் பாடிப் பழகிய மரபின் பாடல்களை, அறுபது வயது நண்பர் மூலக் கட்டையிலேயே பாட முயன்றால் சரணத்தில் குரல் உடையும். கரோக்கி ட்ராக்கை மென்பொருளில் ஒன்றரைக் கட்டைக்கு மேல் இறக்கினால் வயலின்கள் மங்கி ஒலிக்கும். ஜோடிப் பாடலில் சிக்கல் இரட்டிப்பாகிறது: ஆணுக்காக இறக்கினால் பெண்ணுக்குக் கீழ் சுரம் எட்டாது. ஆகவே பாட்டைப் பிரித்துக் கொடுத்த பிறகு கட்டையைத் தேடாமல், முதல் ஒத்திகையிலேயே ஒவ்வொருவரையும் பாடவைத்து, அவரவர் கட்டையைப் பெயருக்குப் பக்கத்தில் குறித்துக்கொண்டு, அதற்குப் பொருந்தும் குரல்களை ஜோடி சேர்க்க வேண்டும்.