ஹோட்டல் கிரேவி வீட்டிலேயே: வேலை எல்லாம் வெங்காயத்தில்தான்

முதன்முதலாக நான் சிக்கன் கிரேவி செய்த அன்று, கடையில் வாங்கிய மசாலா பாக்கெட்டின் பின்பக்கம் இருந்ததை எழுத்துப் பிசகாமல் செய்தேன். வெங்காயத்தை ஐந்து நிமிடம் பொன்னிறமாக வதக்கச் சொல்லியிருந்தது. கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிடம் வதக்கினேன். கடைசியில் தட்டுக்கு வந்தது, சிவப்புத் தண்ணீரில் நீந்தும் கோழியும் பச்சை வெங்காய வாடையும். மசாலா போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் இரண்டு ஸ்பூன் கொட்டினேன். அப்புறம் அது கோழி போட்ட கஷாயம் ஆகிவிட்டது.

சில மாதம் கழித்து, ஹோட்டலில் சரக்கு மாஸ்டராக இருந்த ஒரு அண்ணனின் பழக்கம் கிடைத்தது. கல்லில் நிற்பவர் பரோட்டா மாஸ்டர், பாய்லரில் நிற்பவர் டீ மாஸ்டர் என்றால், குழம்பு, சால்னா, குருமா எல்லாம் சரக்கு மாஸ்டர் பொறுப்பு. என் கதையைக் கேட்டுச் சிரித்தவர், "மசாலாவை விடுங்க தம்பி. வெங்காயத்தை எவ்வளவு நேரம் வதக்குனீங்க?" என்றார்.

"அஞ்சு நிமிஷம்ணே."

"நாங்க ஏழு மணிக்கு வெங்காயத்தை அடுப்புல போட்டா, எட்டு மணிக்குத்தான் அடுத்த சாமானையே கையில எடுப்போம்."

அவ்வளவுதான் விஷயம். ஹோட்டலில் நாம் ஆர்டர் சொன்ன பத்தாவது நிமிடம் கிரேவி மேசைக்கு வருகிறதே, அது பத்து நிமிடத்தில் செய்தது இல்லை. காலையிலேயே அண்டாவில் செய்து வைத்த அடிப்படைக் கிரேவியில் ஒரு கரண்டி எடுத்து, கோழியோ பனீரோ சேர்த்துக் கொதிக்கவிட்டுத் தருகிறார்கள். வீட்டிலும் அப்படியே செய்யலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினால் நான்கு வேளைக்கு ஆகும்.

படி 1: எடுத்து வைக்க வேண்டியவை

பெரிய வெங்காயம் 1 கிலோ, தக்காளி 600 கிராம், இஞ்சியும் பூண்டும் தலா 50 கிராம், முந்திரி 20, எண்ணெய் 150 மில்லி. தூள் வகையில் மஞ்சள் 1 டீஸ்பூன், மல்லித்தூள் 3 டேபிள்ஸ்பூன், காஷ்மீரி மிளகாய்த்தூள் 2 டேபிள்ஸ்பூன். காஷ்மீரி மிளகாய் நிறத்துக்கு. அதில் காரம் குறைவு. காரம் வேண்டுமென்றால் நம் வழக்கமான மிளகாய்த்தூளை ஒரு டீஸ்பூன் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒன்றாக நினைத்து இரண்டு டேபிள்ஸ்பூன் சாதா மிளகாய்த்தூளைப் போட்டுவிடாதீர்கள், கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

எண்ணெய் அளவைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். நான்கு சமையலுக்கான எண்ணெய் அது. மசாலாவின் மணமும் நிறமும் பெரும்பாலும் எண்ணெயில்தான் இறங்கும், தண்ணீரில் அவ்வளவாக இறங்காது. எண்ணெயைப் பாதியாகக் குறைத்தால் வாசமும் அதற்கேற்ப இளைத்துப்போகும்.

அகலமான, அடி கனமான வாணலி முக்கியம். உயரமான குறுகிய பாத்திரத்தில் வெங்காயம் வதங்காமல் தன் ஆவியிலேயே வெந்துவிடும்.

படி 2: வெங்காயம்

இந்தப் பதிவில் ஒரே ஒரு படியைத்தான் கவனமாகப் படிப்பேன் என்றால், இதைப் படியுங்கள்.

வெங்காயத்தை நீளவாக்கில், ஒரே கனத்தில் நறுக்குங்கள். சில துண்டு தடியாகவும் சில மெலிதாகவும் இருந்தால் மெலிந்தது கருகும்போது தடித்தது பச்சையாகவே இருக்கும். எண்ணெய் காய்ந்ததும் வெங்காயத்தைப் போட்டு ஒரு டீஸ்பூன் உப்பைத் தூவுங்கள். உப்பு, வெங்காயத்தில் இருக்கும் தண்ணீரை வெளியே இழுக்கும். அந்தத் தண்ணீர் வற்றினால்தான் நிறம் மாறத் தொடங்கும்.

முதல் பத்து நிமிடம் தீ கொஞ்சம் தூக்கலாகவே இருக்கலாம். வெங்காயம் துவண்டு கண்ணாடி மாதிரி ஆகும். 'சளசள' என்று ஈரமான சத்தம் கேட்கும். பாக்கெட்டைப் பார்த்துச் சமைப்பவர்கள் நிறுத்துகிற இடம் இதுதான். நிறுத்தாதீர்கள். தீயை நடுத்தரமாகக் குறையுங்கள். இருபதாவது நிமிடம் வாக்கில் ஓரங்கள் வைக்கோல் நிறத்துக்கு வரும், சத்தம் 'சுர்ர்' என்று மெலிந்துவிடும். வாடையும் மாறும். மூக்கைக் குத்திய காட்டம் போய், லேசான இனிப்பு வாசம் எழும். இதற்கப்புறம் அடுப்பை விட்டு நகரக் கூடாது. முப்பதிலிருந்து நாற்பது நிமிடத்துக்குள் நிறம் பொன்னிலிருந்து வெல்லத்துக்குத் தாவும், தாவுவது சட்டென்று நடக்கும். நான் ஒருமுறை போன் பேசப் போய்த் திரும்புவதற்குள் வெல்லம் கரியாகியிருந்தது. கருகிய வெங்காயத்தின் கசப்பைச் சர்க்கரையோ தயிரோ எதுவும் மறைக்காது. கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பிப்பது ஒன்றே வழி.

அடிப்பிடித்தால் பதற வேண்டாம். இரண்டு ஸ்பூன் தண்ணீர் தெளித்துச் சுரண்டிவிடுங்கள். அந்தப் பழுப்பு ஒட்டலில்தான் ருசி இருக்கிறது, அது கரைந்து வெங்காயத்திலேயே சேர்ந்துவிடும். முழு வாணலி நிறைய இருந்த ஒரு கிலோ வெங்காயம் ஓரமாக ஒதுங்கிக் கொஞ்சூண்டு ஆகிவிட்டதா? சரி, வந்துவிட்டது.

படி 3: இஞ்சி பூண்டு, தூள், தக்காளி

இஞ்சி பூண்டு விழுதைப் போட்டு மூன்று நான்கு நிமிடம் பச்சை வாசம் போக வதக்குங்கள். தூள்களை நேராகச் சூடான எண்ணெயில் கொட்டாமல், அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். நேராகக் கொட்டினால் சில நொடியில் கருகிவிடும், கரைத்து ஊற்றினால் நிதானமாக வேகும். தண்ணீர் வற்றி எண்ணெய் தெரிந்ததும் அரைத்த தக்காளியைச் சேருங்கள்.

இனி பதினைந்து இருபது நிமிடம். முதலில் எரிமலை மாதிரி தெறிக்கும், தட்டை வைத்து அரைகுறையாக மூடிக்கொள்ளுங்கள். தண்ணீர் வற்ற வற்ற விழுது இறுகி, கரண்டியால் ஒதுக்கினால் வாணலியின் அடி தெரியும். ஓரங்களில் சிவப்பாக எண்ணெய் கசிந்து நிற்கும். 'எண்ணெய் பிரிந்து வருதல்' என்று சமையல் குறிப்புகளில் வருவது இதுதான்.

முந்திரியைப் பதினைந்து நிமிடம் வெந்நீரில் ஊற வைத்து இதோடு சேர்த்து மிக்ஸியில் நைசாக அரைக்க வேண்டும். நன்றாக ஆறிய பிறகுதான். சூட்டோடு அரைத்தால் உள்ளே ஆவி முட்டி மூடியைத் தூக்கி எறிந்துவிடும். எங்கள் வீட்டுச் சுவரில் இரண்டு வருடம் ஒரு ஆரஞ்சுக் கறை இருந்தது, வருகிறவர்கள் எல்லாம் அது என்ன என்று கேட்பார்கள்.

அரைத்ததை நான்கு பங்காக்குங்கள். ஒரு பங்கு அரைக் கிலோ கோழிக்கோ 250 கிராம் பனீருக்கோ சரியாக இருக்கும். பிரிட்ஜில் மூன்று நாள் தாங்கும். ப்ரீசரில் இரண்டு மாதம் வரை வைக்கலாம்.

படி 4: சாப்பிடும் அன்று

அரைக் கிலோ எலும்புள்ள கோழியில் மூன்று ஸ்பூன் தயிர், அரை டீஸ்பூன் மஞ்சள், உப்பு பிசறி அரை மணி நேரம் வையுங்கள். இரண்டு ஸ்பூன் எண்ணெயில் ஒரு பிரிஞ்சி இலை, ஒரு துண்டு பட்டை, இரண்டு கிராம்பு, இரண்டு ஏலக்காய் பொரித்து, கோழியைப் போட்டு அதிகத் தீயில் ஐந்து நிமிடம் புரட்டுங்கள். ஒரு பங்கு கிரேவி, ஒரு டம்ளர் வெந்நீர் சேர்த்து மூடி இருபது நிமிடம். எலும்பை ஒட்டிய சதையில் சிவப்பு இல்லாமல் இருந்தால் வெந்துவிட்டது. பனீர் என்றால் இந்த இருபது நிமிடம் வேண்டாம். உப்பு போட்ட வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, கொதிக்கும் கிரேவியில் கடைசி மூன்று நிமிடம் போட்டால் போதும். அதற்கு மேல் கொதித்தால் ரப்பர்.

இப்போது ருசி பாருங்கள். நன்றாக இருக்கும், ஆனால் 'ஹோட்டல்' வந்திருக்காது. அதற்கு மூன்று சாமான் பாக்கி. ஒரு ஸ்பூன் வெண்ணெய், அரை டீஸ்பூன் கரம் மசாலா, ஒரு டீஸ்பூன் கசூரி மேத்தி. கடைசியாகச் சொன்னது காய்ந்த வெந்தயக் கீரை. இன்று பாகிஸ்தானில் இருக்கும் கசூர் என்ற ஊரின் பெயரால் அழைக்கப்படுகிறது. அப்படியே போடாதீர்கள். வாணலியில் பத்து நொடி சூடு காட்டி, உள்ளங்கையில் வைத்துக் கசக்கித் தூவுங்கள். தூவிய கையை முகர்ந்து பாருங்கள், பஞ்சாபி ரெஸ்டாரன்ட் வாசல் வாசம் அதுதான். அடுப்பை அணைத்து மூடிப் பத்து நிமிடம் விட்டுவிடுங்கள்.

நானுக்கும் சப்பாத்திக்கும் இந்தப் பதமே சரி. சோற்றில் பிசைந்து சாப்பிட வேண்டுமென்றால் அரை டம்ளர் வெந்நீர் கூட விட்டு ஒரு கொதி.

உப்பு கூடிவிட்டால் உருளைக்கிழங்கு போடச் சொல்வார்கள். உருளைக்கிழங்கு உப்புத் தண்ணீரை உறிஞ்சுமே தவிர, மிச்சத்தில் உப்பு அப்படியே இருக்கும். ப்ரீசரில் இருந்து இன்னும் அரைப் பங்கு கிரேவி எடுத்துச் சேர்ப்பதுதான் நல்லது. காரம் கூடினால் அடித்த தயிரோ முந்திரி விழுதோ.

படி 5: ரெஸ்டாரன்டில் மெனு கார்டைப் படிப்பது

வீட்டில் இதை இரண்டு முறை செய்துவிட்டால், வெளியே சாப்பிடும்போது மெனு கார்டு வேறு மாதிரி தெரியும். வட இந்திய மெனுவில் ஐம்பது பெயர் இருக்கலாம், உள்ளே பெரும்பாலும் மூன்று அண்டாதான். வெங்காயமும் தக்காளியும் வதக்கிய பிரவுன் கிரேவி, அதாவது நாம் மேலே செய்தது. வெங்காயத்தை வதக்காமல் வேகவைத்து முந்திரியோடு அரைத்த ஒயிட் கிரேவி. தக்காளி, வெண்ணெய், முந்திரி சேர்ந்த மக்னி கிரேவி. பட்டர் சிக்கனும் பனீர் பட்டர் மசாலாவும் மக்னியின் பிள்ளைகள். மலாய் கோஃப்தா, மேத்தி மட்டர் மலாய் போன்றவை பொதுவாக ஒயிட். மஷ்ரூம் மசாலா, முட்டை மசாலா வகையறா பிரவுன்.

நான்கு பேர் போய் பட்டர் சிக்கன், பனீர் பட்டர் மசாலா, சிக்கன் டிக்கா மசாலா என்று சொன்னால், மூன்று கிண்ணத்தில் ஏறக்குறைய ஒரே ருசி வந்து நிற்கும். நான் ஆர்டர் சொல்லும் கணக்கு இது: ஒரு மக்னி, ஒரு பிரவுன், ஒரு பருப்பு (தால் தட்கா), குழம்பே இல்லாமல் வறுவலாக ஒன்று. நால்வருக்கு இது தாராளம்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. 'கறி' என்ற நம் சொல்தான் கடல் கடந்து ஆங்கிலத்தில் 'கரி' (curry) ஆனது என்கிறார்கள். நமக்குக் கறி என்றால் ஆடோ கோழியோ, இல்லாவிட்டால் காய்கறி; ஆங்கிலேயர்களுக்கு அது குழம்பு. 1747ல் லண்டனில் வெளியான ஒரு சமையல் புத்தகத்திலேயே இந்தியக் கரிக்குச் செய்முறை வந்துவிட்டது. 1810ல் சேக் தீன் முகமது என்ற இந்தியர் அங்கே இந்தியச் சாப்பாட்டுக் கடையே திறந்தார், இரண்டே வருடத்தில் திவாலானார். ஆக, பிரிட்டன் மெனுக்களில் இருப்பது நம் சாப்பாட்டின் நகல் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். அது அங்கேயே வளர்ந்த தனிச் சமையல். அங்கே 'மெட்ராஸ்' என்பது சென்னையில் யாரும் சமைக்காத ஒரு குழம்பு, காரம் தூக்கலாக இருக்கும் என்பதற்கான அடையாளம். 'கோர்மா' என்றால் காரமே இல்லாத, க்ரீம் மிதக்கும் இனிப்புக் குழம்பு. பரோட்டாவுக்கு ஊற்றும் நம் குருமாவை எதிர்பார்க்காதீர்கள். 'விண்டலூ'வில் ஆலு இருப்பதாக நினைத்து உருளைக்கிழங்கு போடும் கடைகளும் உண்டு. உண்மையில் அது கோவாவுக்குப் போர்ச்சுகீசியர் கொண்டுவந்த, ஒயினும் பூண்டும் சேர்த்த இறைச்சிச் சமையலில் இருந்து வந்தது. புளிப்பும் பூண்டும்தான் அதன் உயிர்.

எங்கே சாப்பிட்டாலும், காரம் ஏறிவிட்டால் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்காதீர்கள். மிளகாயின் காரப்பொருள் தண்ணீரில் கரையாது, வாய் முழுக்கப் பரவத்தான் செய்யும். ஒரு கிண்ணம் ரைத்தாவோ, ஒரு லஸ்ஸியோ கேளுங்கள்.

கிரேவி மீந்தால் கூச்சப்படாமல் பார்சல் கட்டச் சொல்லி, வீட்டுக்குப் போனதும் பிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் காலை வாணலியில் ஊற்றி, அரை டம்ளர் தண்ணீர் விட்டு நன்றாகக் கொதிக்க வையுங்கள். கரண்டியால் இரண்டு குழி பறித்து இரண்டு முட்டையை உடைத்து விட்டு, தட்டால் மூடி, தீயைக் குறைத்து நான்கு நிமிடம். பக்கத்து அடுப்பில் அதற்குள் இரண்டு தோசை வார்த்துவிடலாம்.